சுற்றுலாச் சிங்கப்பூர் பெங்களூருக்கு வழிகாட்டாது

மூன்று நாள் சிங்கப்பூருக்குப் போய் வந்தால் போதும், பெங்களூருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும் என்ற நம்பிக்கை இந்த ஊரில் கால் நூற்றாண்டாக மறுப்பின்றி உலவுகிறது. அமைச்சர்கள் அதைச் சொல்கிறார்கள், மென்பொருள் நிறுவன மேலாளர்கள் சொல்கிறார்கள், அல்சூரிலிருந்தும் சிவாஜிநகரிலிருந்தும் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர்களும் சொல்கிறார்கள். 1999-இல் எஸ்.எம். கிருஷ்ணா முதலமைச்சரானபோது, பெங்களூரைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்பது அரசின் முழக்கமாகவே ஆயிற்று. அதற்குப் பின் வந்த ஆட்சிகள் திட்டங்களின் பெயரை மாற்றின, கனவை மாற்றவில்லை. இந்த நம்பிக்கை தவறானது. வீட்டுக் கூடத்துப் பேச்சோடு அது நின்றிருந்தால் விட்டுவிடலாம். ஆனால் எந்தச் சாலைக்குப் பணம் ஒதுக்குவது, யாருடைய குடிசையைக் காலி செய்வது, எந்தத் தேர்தலைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுப்பவர்களின் மனத்திலும் அது குடியேறியிருக்கிறது. ஆகவே அதை மறுப்பது அவசியமாகிறது.

முதலில் அந்தத் தரப்பை அதன் முழு வலுவோடு எடுத்துவைப்போம். 1965-இல் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது சிங்கப்பூருக்குப் போதிய குடிநீர்கூடச் சொந்தமாக இல்லை. எண்ணெய் இல்லை, கனிமம் இல்லை, விளைநிலமும் பெயரளவுக்குத்தான். இன்றைக்கும் அதன் பரப்பளவு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். பெருநகர பெங்களூர் மாநகராட்சியின் எல்லையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. இரண்டுமே ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்த ஊர்கள். இரண்டிலும் பல மொழிக்காரர்கள் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த ஊர் ஒரே தலைமுறையில் உலகின் முன்வரிசைக்குப் போய்விட்டது. இந்த ஊரோ நுரை பொங்கும் ஏரியோடும் நகராத சாலையோடும் நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: மக்களிடம் ஒழுக்கம், மீறினால் தப்பாத அபராதம், மேலே கண்டிப்பான ஒரு தலைவர். இவற்றோடு பெரிய கட்டுமானங்களைத் துணிந்து கட்டினால் நாமும் அங்கே போய்ச் சேரலாம் என்கிறார்கள். இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டே சொல்கிறோம் என்பது அவர்களுடைய இறுதி வாதம். இதன் பின்னால் இருக்கும் கோபம் நியாயமானது. வரி கட்டுகிறவர் நடக்க ஒரு நடைபாதை கேட்பதில் என்ன தவறு? மறுக்க வேண்டியது அந்தக் கோபத்தை அன்று. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவை.

என் வாதம் ஒன்றுதான். சுற்றுலாப் பயணியின் கண்ணில் படுவது விளைவு மட்டுமே. அந்த விளைவை உண்டாக்கிய ஏற்பாடுகள் அவர் போகும் வழியில் இல்லை. நிலம் யார் கையில் இருக்கிறது, வீட்டை யார் கட்டிக் கொடுத்தார்கள், ஒரு கார் வாங்க எவ்வளவு ஆகிறது, கட்டடம் கட்டுகிறவர் இரவில் எங்கே படுக்கிறார், துறைமுகம் என்ன ஈட்டித் தருகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் காட்சிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பதில் தெரியாது. காரணம் தெரியாதபோது மனம் எளிதான விளக்கத்தைத் தேடுகிறது: 'அவர்கள் ஒழுக்கமானவர்கள், நாம் அப்படி இல்லை.' இந்த விளக்கம் எவ்வளவு பிழையானது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பார்த்ததாகச் சொல்கிறார்களே, எதைப் பார்த்தார்கள்? பெங்களூரிலிருந்து விமானத்தில் நாலரை மணி நேரம். முதல் நாள் மெர்லயன் சிலை, மரினா பே சாண்ட்ஸ், கரையோரப் பூந்தோட்டங்கள். இரண்டாம் நாள் செந்தோசா தீவும் யூனிவர்சல் ஸ்டூடியோஸும். மூன்றாம் நாள் லிட்டில் இந்தியாவின் தேக்கா, முஸ்தஃபா கடை, விமான நிலையத்து ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் அருவி. இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை பார்வையாளருக்கென்றே உண்டாக்கப்பட்டவை. மெர்லயன் 1964-இல் சுற்றுலா வாரியத்தின் சின்னமாகப் பிறந்தது. சிலையாக நின்றது 1972-இல். மரினா பே முழுவதும் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். சாண்ட்ஸ் விடுதி 2010-இலும் பூந்தோட்டங்கள் 2012-இலும் திறக்கப்பட்டவை. இவை இரண்டும் சிங்கப்பூர் வளர்ந்த பிறகு கட்டியவை. வளர்ச்சியின் காரணத்தை இங்கே தேடுவது மணமண்டபத்து அலங்காரத்தைப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பத்தின் வரவு செலவைச் சொல்வதற்கு ஒப்பாகும். நாட்டின் வரலாறு எழுதப்பட்ட இடங்கள் வேறு. தோ பாயோவின் அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஜூரோங் தொழிற்பேட்டை, புறநகரில் இருக்கும் தொழிலாளர் தங்குவிடுதிகள் ஆகியவை எந்தச் சுற்றுலாத் தொகுப்பிலும் வருவதில்லை. பார்த்தேன் என்பது சான்றாக வேண்டுமானால், பார்த்த பொருளுக்கும் எடுக்கும் முடிவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இங்கே அந்தத் தொடர்பு இல்லை.

2. துறைமுகத்தைப் பார்த்தவர்கள் துறைமுகத்தை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? சாண்ட்ஸ் விடுதியின் மேல்மாடத்தில் நின்றால் கடலில் வரிசையாக நங்கூரமிட்ட கப்பல்கள் தெரியும். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஊரின் இருப்புக்கே காரணம் அந்தக் கப்பல்கள் என்பது ஊர் திரும்பிய பிறகு பேச்சில் வருவதில்லை. இந்தியப் பெருங்கடலுக்கும் தென்சீனக் கடலுக்கும் நடுவே மலாக்கா நீரிணையின் முனையில் இருப்பதால்தான் 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் அங்கே சுங்கமில்லாத் துறைமுகம் வைத்தார். நாட்டுக்கோட்டை நகரத்தார் மார்க்கெட் தெருவில் வட்டித் தொழிலுக்கான கிட்டங்கிகளை நடத்தியதும் அந்த வணிகத்தை நம்பித்தான். 1972-இல் தஞ்சோங் பகாரில் பெட்டகக் கப்பல்களுக்கு முனையம் திறந்தார்கள். 2024-இல் இருபதடிப் பெட்டகக் கணக்கில் 4 கோடிக்கும் மேல் அங்கே கையாளப்பட்டன. பெங்களூருக்குக் கடலும் இல்லை, பேராறும் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது ஊர்; பெய்யும் மழை ஒரு பக்கம் அர்க்காவதி வழியாகக் காவிரிக்கும், மறுபக்கம் தென்பெண்ணைக்கும் வழிந்து போய்விடும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. இங்கே சராசரி ஏறத்தாழ 1,000தான். அதனால் காவிரி நீரை 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரம் செலவழித்து ஏற்றிக் குடிக்கிறோம். வருமானத்திலும் இதே வேறுபாடு. சிங்கப்பூர் ஒரு நாடு. அங்கே விதிக்கும் வருமான வரியும் சரக்கு சேவை வரியும் வாகன வரியும் அங்கேயே தங்கும். பெங்களூர் ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் நகரம். ஈட்டும் வரியில் பெரும்பங்கு தில்லிக்கும் மாநில அரசின் விதான சௌதாவுக்கும் போகிறது, மாநகராட்சியின் கையில் முதன்மையாக இருப்பது சொத்து வரி. அப்படிப் போகும் பணம் ராய்ச்சூருக்கும் கலபுரகிக்கும் பள்ளிக்கூடமாகப் போய்ச் சேருவது முறையானதே. ஆனால் அந்த ஏற்பாட்டை மறைத்துவிட்டு இரண்டு ஊர்களையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது.

3. தெரு சுத்தமாக இருப்பதற்கு அபராதமா காரணம்? அபராதம் உண்டு, 1968-இல் தூய்மை இயக்கத்தோடு சேர்த்தே அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் எதற்குப் பின் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்குள்ள தமிழர் சொல்லும் வீவக, 1960-இலேயே தொடங்கிவிட்டது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் தயாராயின. 1968-இல் மத்திய சேம நிதியிலிருந்து வீட்டுக்குத் தவணை கட்டலாம் என்றாயிற்று. இன்று அந்நாட்டுவாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். தெருவோரம் சோறும் நூடுல்ஸும் விற்றவர்களுக்கு முதலில் உரிமம் கொடுத்தார்கள், அடுத்துத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டிக் கொடுத்தார்கள், அதன் பிறகே தெருவிலிருந்து அவர்களை அகற்றினார்கள். அந்த வேலை முடிய 1980-களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்ய 1977-இல் தொடங்கிய பணிக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. கரையில் இருந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுத்ததும் அந்தப் பணியின் பகுதி.

இப்போது பெங்களூர் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். 2013 ஜனவரியில் கோரமங்கலாவை அடுத்த ஈஜிபுராவில் நலிந்த பிரிவினர் குடியிருப்பு இருந்த நிலத்திலிருந்து, தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை மாநகராட்சி காவல்துறையின் துணையோடு வெளியேற்றியது. பெரும்பாலோர் தலித்துகள்; தமிழ் பேசுவோரும் அவர்களில் பலர். அந்த நிலத்தின் ஒரு பகுதி வணிக வளாகத்துக்கென்று தனியாரோடு ஒப்பந்தமாகியிருந்தது. வீடு முதலில், அகற்றல் பிறகு என்பது சிங்கப்பூரின் வரிசை. இங்கே அகற்றல் நடந்தது. வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். தெருவோர வியாபாரிகளின் உரிமையைக் காக்கும் நடுவண் சட்டம் 2014-இல் வந்த பிறகும், இந்த ஊரில் நடைபாதைக் கடைகளைத் தூக்கியெறிய லாரி வருகிறதே தவிர, உணவங்காடி நிலையம் வரவில்லை. பெல்லந்தூர் ஏரி 2015-இலும் 2017-இலும் நுரைத்துத் தீப்பிடித்ததற்குக் குடிமக்களின் ஒழுக்கக்கேடு காரணமன்று. சுத்திகரிக்காத கழிவுநீரைக் குழாயில் பிடிக்காமல் கால்வாயில் விட்டதே காரணம். அதே கழிவு தென்பெண்ணை வழியாக ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. அந்த நுரையை எந்த அபராதச் சீட்டும் தடுக்காது. ஒழுக்கத்தைக் காரணம் சொல்லும்போது, வசதி செய்யத் தவறியவர்கள் தப்பிக்கிறார்கள். வசதி கிடைக்காதவர்கள் குற்றவாளி ஆகிறார்கள்.

4. சாலை சீராக ஓடுவது மேம்பாலங்களாலா, சுரங்கங்களாலா? பயணி டாக்சியில் போகிறார், சாலை ஓடுகிறது, 'என்ன அருமையான சாலை' என்கிறார். அந்தச் சாலையில் அவருக்கு முன்னால் இல்லாத கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 1998-இல் அது மின்னியல் சாலைக் கட்டணமாயிற்று. 1990-இலிருந்து கார் வாங்க வேண்டுமானால் முதலில் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது பத்தாண்டுக்குத்தான் செல்லும். 2023-இல் அந்தச் சான்றிதழின் விலை மட்டுமே ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் 60 லட்சம் ரூபாய்க்கும் மேல். காரின் விலை அதற்கு மேல் தனி. 2018 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களின் எண்ணிக்கைக்கு அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி சுழியம். இதன் விளைவாக அங்கே எல்லா வகை வாகனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 10 லட்சம். பெங்களூரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. சிங்கப்பூரிலும் சுரங்கச் சாலை இருக்கிறது என்று காட்டி இங்கே ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை பல ஆயிரம் கோடி ரூபாயில் சுரங்கம் தோண்டக் கேட்கிறார்கள். 250 மீட்டர் உயரத்தில் ஒரு வான்மாடம் கட்டவும் திட்டமிடுகிறார்கள். அங்கே சுரங்கம் பயன் தருவது கார்களுக்கு உச்சவரம்பு இருப்பதால். உச்சவரம்பு இல்லாத ஊரில் புதிய சாலை புதிய கார்களைத்தான் அழைக்கும். சிங்கப்பூரை உண்மையாகவே பின்பற்ற விரும்புகிறவர் முதலில் காரை அரிதாக்கிப் பேருந்தையும் மெட்ரோவையும் மலிவாக்க வேண்டும். இங்கே 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரைப் போலச் சாலை கேட்கிறவர்களில் எத்தனை பேர் சிங்கப்பூரைப் போலக் காருக்கு விலை கொடுக்கத் தயார்? இதற்குப் பதில் சொல்லாத வரை அவர்களுடைய கோரிக்கை அரைக் கோரிக்கைதான்.

5. நிலம் யாருடையது என்ற கேள்வியை ஏன் தவிர்க்கிறார்கள்? மேலே சொன்ன வீடுகள், சாலைகள், தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1966-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். அதைக் கொண்டு அரசு சந்தை விலைக்கும் குறைவாகக் கொடுத்து நிலத்தை எடுத்தது. இன்று சிங்கப்பூர் நிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் அரசின் கையில். வீவக வீடு வாங்குகிறவருக்கும் 99 ஆண்டுக் குத்தகைதான். நிலத்தின் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி பொதுக் கருவூலத்துக்கு வருகிறது. அந்தப் பணம் முதலீடாகி, அதன் வருவாயில் ஒரு பகுதி பொதுச் செலவுக்கு வருகிறது. பெங்களூரில் நடந்ததோ நேர்மாறு. 1976-இல் உண்டான பெங்களூர் வளர்ச்சி ஆணையம் உழவர்களிடம் நிலம் எடுத்து, மனைகளாக வெட்டித் தனியாருக்கு விற்றது. மெட்ரோ வரும், சாலை வரும் என்றவுடன் ஏறும் விலை மனை வைத்திருப்பவரின் பையில் போய் விழுகிறது. கட்டிய செலவு மட்டும் பொதுக் கடனாக நிற்கிறது. வெளிவட்டத்தில் திட்டமிட்ட பெரிபெரல் ரிங் ரோடு இருபது ஆண்டுகளாக இழுபடுவதற்கு இழப்பீட்டுத் தகராறே முதன்மையான காரணம். நிலம் கொடுக்க வேண்டிய உழவர்கள் 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி உரிய விலை கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. சிங்கப்பூர் வழியில் குறைந்த விலைக்குப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் மதிப்பேற்றம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வியைத் தொடாமல் சிங்கப்பூரின் பெயரைச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை என்கிறேன்.

6. அந்த ஊரைக் கட்டியவர்கள் எங்கே? தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட அருகில் இருக்கிறது. 1825-இலிருந்து 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுபோன கைதிகள்தான் அங்கே சாலை போட்டார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். இன்று அந்த வேலையைப் புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போகிறவர்கள் செய்கிறார்கள். அவர்களிடம் இருப்பது வேலை அனுமதிச் சீட்டு. குடும்பத்தை அழைத்துவர முடியாது, வேலை முடிந்தால் திரும்பிவிட வேண்டும், வாக்குரிமை இல்லை. 2020-இல் கொரோனா பரவியபோது உலகம் அவர்களுடைய தங்குவிடுதிகளைப் பார்த்தது: அங்கிருந்த ஏறத்தாழ 3.2 லட்சம் பேரில் 47 சதவீதத்தினருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் தொற்று வந்திருந்ததாக அரசே அறிவித்தது. ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வந்து, மாலையில் திரும்பிவிடும் பல லட்சம் பேர் இவர்களுக்கு மேல். ஆக, குறைந்த கூலிக்காரர்களின் வீட்டையும் முதுமையையும் பிள்ளைகளின் படிப்பையும் எல்லைக்கு வெளியே வைத்துக்கொள்ள அந்த நாட்டால் முடிகிறது. பெங்களூரால் முடியாது, முடியவும் கூடாது. தருமபுரியிலிருந்து வரும் கொத்தனாரும், ராய்ச்சூரிலிருந்து வரும் சித்தாளும், அதிகாலையில் தெருக்கூட்டும் பௌரகார்மிகரும் இந்த நாட்டின் குடிமக்கள். குடும்பத்தோடு இங்கே வாழ அவர்களுக்கு அரசமைப்பே உரிமை தந்திருக்கிறது. சிங்கப்பூரில் ஏழைகளே தென்படவில்லை என்று வியப்பவர், அவர்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் அதே காட்சியை இங்கே விரும்பினால், சொந்த நாட்டு மக்களைச் சொந்த ஊரிலிருந்து மறைக்கச் சொல்கிறார் என்று பொருள்.

7. கண்டிப்பான தலைவர் இருந்தால் போதுமா? போதும் என்றால் ரங்கூனும் மணிலாவும் இன்று சிங்கப்பூரை மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டும் பெருந்துறைமுகங்கள். ரங்கூனை 1962-இலிருந்து 1988 வரை நே வின் இரும்புக்கரத்தால் ஆண்டார். மணிலாவில் மார்கோஸ் 1972-இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்து 1986 வரை நீடித்தார். இரண்டு ஊர்களும் சரிந்தன. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவை அந்த ஆட்சியாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது கண்டிப்பு அன்று, அமைப்புகள். ஊழல் விசாரணைப் பிரிவு 1952-லேயே உண்டானது. 1960-இன் ஊழல் தடுப்புச் சட்டம் அதற்குப் பல் கொடுத்தது. 2024-இல்கூட முன்னாள் அமைச்சர் ஒருவர் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். எதிர்க்கட்சியினரை ஒடுக்கியதும் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தியதும் அந்த வரலாற்றில் உண்டு. அவற்றால்தான் குழாயில் தண்ணீர் வந்தது என்று காட்ட ஒரு சான்றும் இல்லை. இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வெளிநாடு போகவும் வேண்டியதில்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின், ஐந்து ஆண்டுகள் கவுன்சிலர்களே இல்லாமல், நிர்வாக அதிகாரியும் ஆணையரும் அமைச்சருமாக இந்த ஊரை ஆண்டார்கள். 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபோதும் மக்கள் வாக்களித்து வந்த கவுன்சிலர் ஒருவரும் இல்லை. குறுக்கிடும் அரசியல்வாதி இல்லாவிட்டால் ஊர் ஓடும் என்றால் அந்த ஐந்து ஆண்டுகளில் ஓடியிருக்க வேண்டும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றித் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றதுதான் நடந்தது. வார்டில் போய்க் கேட்க ஆள் இல்லை என்பது மட்டுமே கூடுதல்.

8. நகல் எடுத்துப் பார்த்தாயிற்றே, என்ன ஆயிற்று? ஒயிட்ஃபீல்டில் இருக்கும் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா, சிங்கப்பூர் நிறுவனக் கூட்டும் டாடாவும் கர்நாடக அரசும் 1990-களில் சேர்ந்து உண்டாக்கியது. வாசலுக்குள்ளே தனி மின் நிலையம், புல்வெளி, ஒழுங்கான வடிகால். வாசலுக்கு வெளியே பல ஆண்டுகள் பேருந்துக்கும் குடிநீருக்கும் ஏங்கிய ஊர். மெட்ரோ அங்கே முழுமையாக வந்து சேர 2023 ஆயிற்று. சிங்கப்பூரின் கட்டடத்தைக் கொண்டுவர முடிந்தது, சிங்கப்பூரின் நகராட்சியைக் கொண்டுவர முடியவில்லை. ஆந்திராவின் அமராவதிக்குச் சிங்கப்பூர் வல்லுநர்கள் வரைபடம் போட்டார்கள். ஆட்சி மாறியதும் 2019-இல் அந்தக் கூட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. சிங்கப்பூரே முன்னின்று 1994-இல் தொடங்கிய சீனாவின் சூசோ தொழிற்பூங்காகூட முதல் சில ஆண்டுகள் தடுமாறி, 2001-இல் பெரும்பான்மைப் பங்கு சீனத் தரப்புக்கு மாறியது. மாதிரியை உருவாக்கியவர்களாலேயே அதை அப்படியே வேறு மண்ணில் நட முடியவில்லை என்றால், மூன்று நாள் பார்த்துவிட்டு வந்தவர் எதை நம்பி நடப் போகிறார்?

இனி எதிர்வாதங்கள். முதலாவது, சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் 1978 நவம்பரில் சிங்கப்பூரில் சில நாள்தான் இருந்தார். அந்தச் சிறு பயணம் சீனாவையே மாற்றவில்லையா என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஆனால் டெங் கவனித்தது வீடமைப்பையும் தொழிற்பேட்டையையும். அந்தப் பயணத்தைச் சான்றாக வைத்து அவர் முடிவெடுத்துவிடவில்லை; கேள்வியாக எடுத்துப் போனார். அதன் பிறகு ஆயிரக்கணக்கான சீன அதிகாரிகள் அங்கே போய்ப் படித்தார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கென நடத்தும் முதுகலைப் படிப்புக்கு 'மேயர் வகுப்பு' என்றே பெயர் வழங்குகிறது. சிறு பயணம் ஒரு நீண்ட படிப்பின் தொடக்கமானால் பயன் தரும். இங்கே அதுவே படிப்பின் முடிவாகிவிடுகிறது.

இரண்டாவது, நான்கு நாள் விடுப்பும் வருடக்கணக்கில் சேர்த்த பணமும் உள்ள குடும்பம் வேறென்ன செய்யும், சுற்றுலாவே வேண்டாம் என்கிறீர்களா என்பார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டு களிப்பது நல்லது. பிள்ளைகளுக்குக் கடலையும் கப்பலையும் காட்டுவது நல்லது. மகிழ்ச்சிக்காகப் போன பயணத்தை ஆய்வறிக்கையாக மாற்றுவதைத்தான் மறுக்கிறேன். அதே நான்கு நாளில் அரை நாளை ஒதுக்கினாலே கண்ணோட்டம் மாறும். எம்ஆர்டி ரயிலில் தோ பாயோ போய் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் உட்காரலாம். மேக்ஸ்வெல் சாலையில் நகர மறுசீரமைப்பு ஆணையம் வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் முழுத் தீவின் மாதிரியைப் பார்க்கலாம். ஞாயிறு மாலை தேக்காவில் கூடும் நம் ஊர்த் தொழிலாளர்களிடம் சம்பளமும் தங்குமிடமும் பற்றிப் பேசலாம்.

மூன்றாவது, இவையெல்லாம் பெங்களூரின் தோல்விக்குச் சாக்கு என்பார்கள். உண்மை அதற்கு எதிர்மாறு. ஒழுக்கம் இல்லை என்ற குற்றச்சாட்டு ஒரு கோடிப் பேர் மீது விழுகிறது, அதனால் யார் மீதும் விழுவதில்லை. நான் வைக்கும் குற்றச்சாட்டுக்கு முகவரி உண்டு. ஏழைகளுக்கு வீடு கட்டாத அரசு, ஏரிக்குப் போகும் கழிவுநீரைப் பிடிக்காத குடிநீர் வாரியம், மனை விற்பதையே நகரத் திட்டம் என்று கொண்ட ஆணையம், மாமன்றத் தேர்தலைத் தள்ளிக்கொண்டே போன ஆட்சிகள் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

ஆகவே சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறவர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை, முழுச் சிங்கப்பூரையும் காட்டுங்கள் என்பது. அகற்றும் முன் வீடு கொடுப்பதைக் காட்டுங்கள். வியாபாரிக்குக் கடை கட்டிக் கொடுப்பதைக் காட்டுங்கள். காரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதையும், நிலத்தின் மதிப்பேற்றத்தைப் பொதுவுக்கு எடுப்பதையும், அமைச்சரையும் சிறைக்கு அனுப்பும் சட்டத்தையும் காட்டுங்கள். அவர்கள் கடலுக்கு அப்பால் வைத்துவிட்ட உழைப்பாளியின் குடும்பத்துக்கு நாம் இங்கே எப்படி இடம் தரப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றில் எதையும் ஏற்காமல் கோபுரத்தையும் சுரங்கத்தையும் அபராதத்தையும் மட்டும் கேட்கிறவர் சிங்கப்பூரிலிருந்து எதையும் கற்கவில்லை. அவருடைய யோசனையின் பேரில் இந்த ஊரின் பணத்தில் ஒரு ரூபாயையும் செலவிட அனுமதிக்கக் கூடாது.